வேலி ஏறும் கார்

மிளகு சாம்பிளை மடித்துக் கொடுக்கும் பழுப்புத் தாள் அது. மடிப்புக் கோடுகளில் கிழியத் தொடங்கியிருந்தது. போன மாதம் இன்சூரன்ஸ் காகிதங்களைத் தேடி இரும்பு அலமாரியைக் கலைத்தபோது, என் பழைய சான்றிதழ்களுக்கு நடுவிலிருந்து விழுந்தது. தாள் நிறைய ஒரு கார். அந்தக் காலத்து வட்ட மூக்கு, உருண்ட மட்கார்டு. சக்கரங்கள் மட்டும் மாட்டுவண்டிச் சக்கரங்களின் உயரம். கீழே பெரியப்பாவின் கையெழுத்தில் 'வேலி ஏறும் கார்' என்றிருந்தது. முந்தின நாள்தான் இடக்கொச்சியில், கடல்நீர் புகுந்த சாலையில் நின்றுபோன காரின் ஜன்னல் வழியாக என் மகள் வெளியே வந்திருந்தாள்.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, ஒரு மிளகு வியாபாரிக்குக் கார் ஓட்டியவர். முதலாளி ஜூ டவுன் கிடங்கில் இருக்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து, எந்தத் தொழிற்சாலையும் செய்யாத கார்களை வரைந்துகொண்டிருப்பார். வரைவதற்கு முன்னால் யாரிடமாவது கேட்பார்: "வண்டின்னா ஒனக்கு என்ன பயம்?" பதில் கிடைத்த பிறகுதான் பென்சிலைக் கூர் சீவுவார். அம்மாவுக்கு வளைவுகளில் குமட்டும் என்பதால் பின்சீட்டு தொட்டில்போலத் தொங்கும் கார் ஒன்றை வரைந்தார். "அதுல ஏறுனா வீட்டு வாசல்லயே வாந்தி எடுத்துருவேன் அத்தான்" என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் ஏறிக்கொண்டு என்னை மறந்துவிட்டுப் போய்விடுவார்களோ என்பது என் பயம். எல்லா இருக்கையிலும் ஆள் உட்கார்ந்தால்தான் கிளம்பும் கார் எனக்குக் கிடைத்தது. அதில் ஜன்னலோர இருக்கை ஒன்றில் என் பெயர் இருந்தது. பயத்துக்காக யாரையும் அவர் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

கிடங்கில் சுக்கு சுத்தம் செய்ய இடக்கொச்சியிலிருந்து ஒரு சேச்சி வருவார். பெரியப்பா அவரிடமும் கேட்டார். "எனக்கெதுக்கு காரு அண்ணாச்சி? எங்கட முற்றத்துல வேலி கேறும். அந்தப் பயமே போதும்" என்றார் சேச்சி. மலையாளத்தில் வேலியேற்றம் என்றால் காயலில் கடல்நீர் ஏறி வருவது. வந்து சில மாதங்களே ஆகியிருந்த பெரியப்பாவுக்கு வேலி என்றால் முள்வேலிதான். யாரோ வேலியேறிக் குதித்து வருகிறார்கள், இந்த அம்மாள் தப்பிக்க வழியில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வேலியைத் தாண்ட உயரமான சக்கரங்கள். முள் கிழிக்காதபடி இடுப்புயரத்தில் அடித்தட்டு. புகைக்குழாய் கூரைவரை. ஏறும்போது வண்டி சாய்ந்து கதவுகள் சிக்கிக்கொண்டால் வெளியே வர, பெட்டி மூடிபோலத் திறக்கும் கூரை.

படத்தைப் பார்த்துக் கிடங்கே சிரித்தது. அதன் பிறகு பல நாள், "அண்ணாச்சி, இன்னிக்கு எத்தற வேலி சாடி?" என்று, எத்தனை வேலி தாண்டினார் எனக் கேட்டுத்தான் அவரை வரவேற்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சேச்சியின் முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். நீர் மெல்ல வந்து அவர் முழங்காலைத் தொட்டது. அடுப்பு நனையாமலிருக்க அதைக் கட்டில்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பெரியப்பா டேப்பால் நீரை அளந்தார், படத்தை எடுத்துப் பார்த்தார். மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. "பயத்தச் சரியாத்தாம்லே கேட்டுருக்கேன். வார்த்தயத்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார்.

முதலாளி படத்தை வாங்கிப் பார்த்து, "இது விக்குமாடோ?" என்று கேட்டாராம். "விக்காது மொதலாளி. வெள்ளத்துல நிக்கிறவுக வாங்க முடியாது, வாங்குறவுக வெள்ளத்துல நிக்க மாட்டாக" என்றிருக்கிறார். அந்தக் கார் தாளோடு நின்றது. ஒரு தாளில் அவ்வளவு மரியாதையை வேறு யாரும் அந்தச் சேச்சிக்குக் கொடுத்திருப்பார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

நான் செய்தது வேறு. மெக்கானிக் காரைச் சரிசெய்து கொண்டுவந்து விட்ட அன்றே சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மகள் தேவராவில் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறினாள். சாவியைக் கேட்கவில்லை. அவள் கேட்காததே சம்மதம் என்று வைத்துக்கொண்டு, தினமும் மழை, சாலை, வேலியேற்றம் என்று பாடம் நடத்தினேன். மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அவளை எதுவும் கேட்டதில்லை என்பது, நேற்றுக் காலை அவள் செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு உனக்கு எது பயமா இருந்துச்சு?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளம் இல்லப்பா. அது முட்டு வரைக்கும்தான் இருந்துச்சு. நீங்க விளிச்சுக்கிட்டே இருந்தீங்கல்ல, அதுதான். எடுத்தா அழுவீங்க. எடுக்கலன்னா உங்களுக்கு ஏதாவது ஆயிடும். ஃபோனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கதவு திறக்காது, ஜன்னல் வழியா இறங்கணும்னு அப்புறம்தான் தோணுச்சு."

நான் அழைத்தது ஒன்பது முறை. ஒவ்வொன்றும் அவளை அந்த இருக்கையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

"உங்களுக்கு ஓகேயாப்பா?"

"இல்ல," என்றேன். "நீ கிளம்பு."