சுவருக்குள் போன மூச்சு

கடலோர ஊரான இனயத்தில் கிரேசி வீட்டுப் பின்னறை எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. காரணம் கேட்டவர்களை, "ஒங்க சோலியப் பாருங்க" என்று விரட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் சோதனைக்குழாய் கழுவியவள். அமிலத்தைவிட அவள் நாக்குக்குத்தான் வாத்தியார்கள் பயப்படுவார்கள்.

அந்த அறைக்குக் கடைசியாக வெள்ளையடித்தவர் அவள் புருஷன் ததேயுஸ். கல்லறைத் திருநாளுக்கு அப்பன், அம்மை கல்லறைகளுக்குப் பூசியதுபோக அரை வாளி சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது. கல்லறைக்குக் கலக்கியதை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று கிரேசி தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சும்மா கெட ஏட்டி. வீணால்ல போவும்?" என்று சிரித்துக்கொண்டே பூசிவிட்டார். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுவரில் சாரல் அடிக்கக் கூடாதென்று கதவையும் சன்னலையும் சாத்தி, நாலு ராத்திரி அங்கேயே படுத்தார். மாதக் கடைசியில் கடலுக்குப் போனார். புயலோடு சரி, ஆளும் வரவில்லை, புதைக்க ஒரு எலும்பும் வரவில்லை. கல்லறைச் சுண்ணாம்புதான் அவரைக் கொண்டுபோனது என்றது ஊர்.

இப்போது துபாயிலிருந்து வந்திருக்கும் மகன் ஜெரிஷ் அந்த அறையை இடித்துச் சமையலறை கட்டப்போகிறான். மறுநாள் காலையில் ஆள் வரும்.

"இடிக்காத மக்கா. ஒங்கப்பா உள்ள இருக்காரு."

அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்குப் போவமா ம்மா?" என்றான் மெதுவாக.

"ஏலே, எனக்குப் பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல." பூட்டைத் திறந்தாள். பட்டப்பகலிலும் உள்ளே குளிர்ந்தது. "ஈரச் சுண்ணாம்பு காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் கல்லாவும். நாம விடுற மூச்சுலயும் அதுதான் இருக்கு. மூடுன அறையில நாலு ராத்திரி மூச்சு விட்டது யாரு? அணு அழியாது மக்கா, எடந்தான் மாறும். வருஷா வருஷம் சார் நடத்துனதக் கேட்டவ நான்."

"அப்போ இதுல இருக்கது பூரா அப்பாவோடதா?"

"பூரா இல்ல. வெளிக்காத்தும் உண்டும். எது யாருக்குள்ளதுன்னு யாராலயும் பிரிக்க ஒக்காது. அதனாலதான் ஒரு துண்டுகூட இடிக்கப்பிடாதுன்னு சொல்லுதேன்."

அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. கிரேசிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டி, உதிர்ந்ததைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மீன் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை ஊற்றினாள். பொடி நுரைத்துக்கொண்டு எழும்பியது. டம்ளருக்குள்ளிருந்து உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வந்தது.

"கேட்டியா? அன்னைக்கு உள்ள போனது இப்ப வெளிய வருது."

ஜெரிஷ் டம்ளரைக் காதோடு சேர்த்துப் பிடித்தான். அப்பன் போன செய்தியையே போனில் கேட்டவன் அவன். சத்தம் அடங்கியது. அவனை எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டுமென்று கிரேசி வெறிகொண்டு மறுபடியும் சுரண்டினாள், ஊற்றினாள். சுவரில் கையகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. அவளோ குப்பியை மூன்றாவது தடவையும் சாய்க்கப் போனாள்.

ஜெரிஷ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"போதும் ம்மா," என்று விம்மினான். "அப்பாவத் தீத்துப்போடாத."