வாசுகியின் வெளிக்குசினி

வாசுகி கேட்டது மூன்றே மூன்று. மழைச்சாரல் உள்ளே வராத கூரை. நுனிக்காலில் எம்பாமல் குவாலிச் சட்டிக்குள் என்ன வேகிறது என்று பார்க்கிற அளவுக்குத் தாழ்வான அடுப்பு மேடை. மீன் கழுவிய தண்ணீர் பாதத்தை நனைக்காமல் நேரே சாக்கடைக்குப் போகிற தொட்டி. வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற சிமெண்டுத் தரையில் இந்த மூன்றும் வந்துவிட்டால் மிச்ச ஆயுசுக்கு வேறெதுவும் கேட்கமாட்டாள்.

வீட்டுக்குள் குசினி இல்லாமல் இல்லை. கெலாங் பாத்தாவில் அந்த வரிசை வீடுகளிலேயே அழகான குசினி அவர்களுடையதுதான். வெள்ளை அலமாரி, கறுப்புக் கண்ணாடி அடுப்பு, மேலே புகை உறிஞ்சும் பெட்டி. உறிஞ்சத்தான் அதற்கு இதுவரை புகை கிடைத்ததில்லை. கடையிலிருந்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் கணவர் கனகராஜ் உரிக்கவிடவில்லை. அது வருகிறவர்கள் பார்க்கிற குசினி. அங்கே காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். சம்பல் கிண்டினாலோ மீன் பொரித்தாலோ கனகராஜ் மோப்பம் பிடித்துக்கொண்டே வருவார். “வாசுகி, கேபினட்டு எண்ணெ குடிச்சிரும்மா. பின்னால போயேன்.”

அதனால் பின்னால். செங்கல் மேல் பழைய கேஸ் அடுப்பு, தலைக்கு மேல் ஒரு தகரம். மழை சாய்ந்து அடித்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. பாலோ தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு தொழிற்சாலை பஸ் ஏறி, கால் வீங்க வீங்க நின்றுகொண்டே எலக்ட்ரானிக் சில்லுகளைச் சோதித்தவள். வேலையை விட்டு நின்றபோது உடன் வேலை செய்தவர்கள் இ.பி.எஃப். சேமிப்புப் பணத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். ஒருத்தி காசிக்குப் போகிறாளாம், இன்னொருத்தி வளையல் வாங்குகிறாளாம். வாசுகி, “நனையாம ஒரு கொழம்பு வைக்கணும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இருபத்தைந்தாயிரம் வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். கட்டட வேலைக் குத்தகைக்காரர் ஆ லெக் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பும் கையுமாக வந்தார். அவருடைய பேச்சு முழுக்க இரண்டு மலாய்ச் சொல்லில் நிற்கும். முடியும் என்றால் ‘போலே’, முடியாது என்றால் ‘தாக் போலே’. வாசுகி மூன்றையும் சொன்னாள். ஆ லெக் மூன்று முறை தலையாட்டினார்.

“போலே, போலே, போலே. அக்கா கேக்கறது சின்னது. காசு மிச்சம் ஆவும்.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். கனகராஜ் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் செய்தி வாசிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“அதாவது, கட்றதுன்னு ஆயிடுச்சு. நாலு பேரு வந்து பாக்கற மாதிரி கட்டணும்.”

சிங்கப்பூரில் வேலை பார்த்து, வார இறுதிக்கு மட்டும் வீடு வருகிற மகன் ஜீவன் போனிலிருந்து தலையை எடுக்காமலே, “மா, ஒரு பார்பிக்யூ பிட் போடலாம்லா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க” என்றான். போதாததற்கு, கனகராஜ் தம்பி மதிவாணனுக்கு வீடியோ அழைப்பு போட்டார். பத்து பாகாட் என்ற ஊரில் போன வருஷம்தான் வெளிக்குசினி கட்டியவர் அவர். போனை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிற பழக்கம் என்பதால் இரண்டு மூக்குத் துவாரம் மட்டும் பேசியது.

“அண்ணே! நடுவுல ஐலண்ட் வைக்கலையா? அலமாக்! ஐலண்ட் இல்லாம என்னா அவுட்டோர் கிச்சன்? ஒட்டுக் கடைன்னு நெனச்சுக்குவாங்க!”

ஐலண்ட் என்றால் சுற்றி நின்று சாப்பிட நட்டநடுவில் ஒரு கல் மேடை. தெருவோரத் தகரக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடையைச் சொல்கிற அந்த ஒட்டுக்கடை என்ற சொல் கனகராஜை எங்கேயோ குத்திவிட்டது. கறுப்புக் கருங்கல் ஐலண்ட் உள்ளே வந்தது. பார்பிக்யூவுக்கு இத்தாலிச் செங்கல் மாதிரி தெரிகிற ஒன்று வந்தது. ஆ லெக் போனில் கணக்குத் தட்டி, உதட்டைச் சுழித்தார்.

“தாக் போலே. எதாச்சும் வெட்டணும்.”

எதை வெட்டுவது? கனகராஜுக்கு ஒரு விதி உண்டு. கண்ணில் படுவது இருக்கட்டும், படாதது போகட்டும். “கூரைய யாரு அண்ணாந்து பாக்கப் போறா? ஐலண்ட் வரைக்கும் போட்டாப் போதும்.” கூரை பாதியானது. சாக்கடைக்குக் குழாய் போட வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. “குழா தரைக்கு அடியிலதான போவுது? கீழ ஒரு வாளி வச்சிக்கலாம்.” தொட்டி, ஐஸ்கட்டி போட்டு வைக்கிற வட்டமான சின்னக் கிண்ணமாகச் சுருங்கியது. அடுப்பு மேடை? ஜீவன் ஆறடி. “மா, எல்லாம் ஒரே ஹைட்ல இருந்தாத்தான் நீட்டா இருக்கும். நீங்க ஒரு ஸ்டூல் போட்டுக்கோங்க.”

வாசுகி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“இது என் இ.பி.எஃப். காசுங்க.”

ஆ லெக் டேப்பை இழுத்து, இழுத்து, மறுபடி உள்ளே விட்டார். கனகராஜின் செய்தி வாசிக்கிற குரல் காணாமல் போய், சீரியலில் அழப்போகிற அப்பாவின் குரல் வந்தது.

“என் காசு, ஒன் காசுன்னு பிரிச்சுப் பேசற குடும்பமா நம்ம குடும்பம்? வெளியாளுக்கு முன்னால என்னா வார்த்தைம்மா இது? யாருக்குக் கட்றோம்? ஒனக்குத்தான?”

“மா, அப்பா பாவம்லா” என்றான் ஜீவன்.

வாசுகி எழுந்து எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கப் போனாள். திரும்பி வரும்போது ஆ லெக் முன்பணத்துக்கு வங்கி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டி முடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜீவனின் நண்பர்கள் கோழி இறக்கை சுட்டார்கள். முந்தின நாளே மஞ்சளும் மிளகாயும் போட்டு ஊறவைத்தவள் வாசுகி. சுட்டவன் ஜீவன். பாராட்டு கனகராஜுக்குப் போனது. “அங்கிள், செம்ம டேஸ்ட்!” என்றான் ஒருத்தன். கனகராஜ் கருங்கல்லைத் தடவியபடி, “ஆன்ட்டிக்காகக் கட்டினதுதான்” என்றார். மதிவாணனுக்குப் படம் போனது. பத்து பாகாட்டிலிருந்து பதில் வராதது அவருக்குப் பெரிய வெற்றி.

திங்கட்கிழமை வாசுகி கெம்போங் மீன் வாங்கி வந்து ஸ்டூல் மேல் ஏறினாள். மீன் தண்ணீர் வாளியில் நிறைந்து வழிந்து காலில் கொட்டியது. மூன்று மணிக்கு மழை இறங்கியது. கூரை ஐலண்டோடு நின்றுவிட்டதால் கருங்கல் சொட்டு நனையவில்லை. ஓரத்தில் இருந்த அடுப்பு இரண்டு முறை அணைந்தது. ஸ்டூல் மேல் நின்றுகொண்டு குடை பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறை பற்ற வைக்காமல் இறங்கி, பழைய அடுப்பையும் செங்கல்லையும் தேடினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஆ லெக்குக்குப் போன் போட்டாள்.

“அது சம்பா தானேக்கா? குப்பை! லோரியில போச்சு.”

மாலையில் கனகராஜ் எட்டிப் பார்த்தார். “என்னா, கொழம்பு வாசத்தையே காணோம்?”

“எங்கங்க வைக்கிறது?”

கனகராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே மகனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். “ஜீவா, கேட்டுக்கோ. இருபத்தஞ்சாயிரத்துக்குக் குசினி கட்டிக் குடுத்திருக்கு. ஒங்கம்மா எங்க வைக்கிறதுன்னு கேக்கறா!” அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. “மா, நீங்க செம்ம காமெடிலா!”

வாசுகி மீனைக் கழுவித் துடைத்து உறைபெட்டியில் வைத்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டு முச்சந்திச் சோற்றுக் கடைக்கு நடந்தாள். கடைக்காரி செல்வராணி கரண்டியை நிறுத்திவிட்டு, “என்னாக்கா இங்க? புதுக் குசினி கட்டிட்டீங்கன்னு ஊரே பேசுதே! எப்படி இருக்கு?” என்றாள்.

“அழகா இருக்கு” என்றாள் வாசுகி. மீன் குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லி, காசைக் கொடுத்து, பையை வாங்கிக்கொண்டாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

“நாளைக்கும் ரெண்டு பேருக்கு எடுத்து வைங்க, செல்வராணி. நாளன்னைக்கும்.”