வலப்பக்கத்து எடை

பேய் உண்டா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இயற்பியல் படித்தவள். அளந்ததை மட்டும்தான் சொல்வேன். இது எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், என் கண் முன்னால் நடந்தது. அப்பா இன்னும் இருக்கிறார். காரும் இருக்கிறது.

அப்பாவின் பெயர் டெல்மர். மிச்சிகனில், ஃப்ளின்ட் நகரத்துக்கு வெளியே எங்கள் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் யாரிடமோ வாங்கிய 1970-ஆம் வருடத்து செவெல் காரை இன்றுவரை அவர் விடவில்லை. எட்டு சிலிண்டர். நேர் சாலையில் அம்பு மாதிரி பாயும். வளைவு வந்தால் படகு மாதிரி ஆடும். ஸ்பிரிங்குகளுக்கு அவ்வளவு வயதாகிவிட்டது.

அம்மா போன வருடம் மார்ச்சில் இறந்துபோனாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அப்பா ஆற்றோரச் சாலையில் காரை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். கிளம்புமுன் வலப்பக்க முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு, இடப்பக்கம் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்காருவார்.

"யாருக்குப்பா கதவு திறக்கறீங்க?"

"உங்கம்மாவுக்குத்தான். வேற யாருக்கு?"

அக்டோபரில் ஒரு மழை நாள். வளைவில் கார் வழுக்கி, வேலிக் கம்பத்தை உரசிக்கொண்டு நின்றது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஆறு. காரை விட்டுவிடுங்கள் என்றால் அப்பா கேட்கமாட்டார். அம்மாவோடு இவரையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை. காரையே திருத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அப்பாவின் சிநேகிதர் கர்ட் மாமா பந்தயக் கார்கள் கட்டுபவர். அவரிடம் போய் நின்றேன்.

"படிச்ச பொண்ணுக்கு ஸ்பேனர் எதுக்கு? நகம் உடைஞ்சா அழுவியே."

"நகமே இல்ல மாமா. எல்லாத்தையும் கடிச்சுத் தீத்துட்டேன்."

சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். "ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்ஷு… எல்லாத்தையும் மாத்து. முன்னாடி தடியா ஒரு ஸ்வே பார் போடு. வளைவுல ஒரு பக்கமா சாயவிடாது. அப்புறம் பாரு, தண்டவாளத்துல போற மாதிரி போகும்."

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. ஜாக்கியை இறக்கினேன். ஸ்பிரிங்குகள் அமரட்டும் என்று காரை முன்னும் பின்னும் உருட்டினேன். நாலு சக்கரத்துக்கும் மேலே உயரம் அளந்தேன். வலப்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. இட ஸ்பிரிங்கை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிப் போட்டேன். அப்போதும் வலப்பக்கம்தான் தாழ்ந்தது. மறுநாள் கர்ட் மாமாவின் எடை மேடைகளை இரவல் வாங்கி வந்தேன். சக்கரத்துக்கு ஒன்று.

மணி 5:10. அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. அப்பா சமையலறையில் இருந்தார். கார் காலி. டிக்கி காலி.

வலப்பக்கச் சக்கரங்கள் இடப்பக்கத்தைவிட நூற்று எழுபது பவுண்டு கூடக் காட்டின. பேட்டரி அந்தப் பக்கம் இருப்பதால் நாற்பது வரை காட்டலாம் என்று மாமா சொல்லியிருந்தார்.

மிச்சம் நூற்று முப்பது. ஓர் ஆளின் எடை. அம்மாவின் எடையும் கிட்டத்தட்ட அதுதான்.

வலப்பக்கக் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஆனால் இருக்கையின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது.

கிரீச்…

காரின் வலப்பக்கம் மெல்ல எழும்பியது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இறங்கியது. 150… 90… 40.

ரெக்சின் நிமிர்ந்தது.

என் தோளை ஒட்டிக் குளிராக ஏதோ கடந்தது.

நான் அசையவில்லை.

கிரீச்…

கார் அமுங்கியது.

170.

"அம்மா…?"

வலப்பக்கக் கண்ணாடி, உள்ளே யாரோ மூச்சு விட்டதுபோல் மங்கியது.

பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா போன ராத்திரி பனிப்புயலில் சாலையெல்லாம் அடைத்துக் கிடந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதெல்லாம் எட்டு மாதமாக நெஞ்சிலேயே கிடந்தது. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவையும் சொன்னேன். யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை நான்.

அப்பா வந்தார். எண்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அவ உக்காந்திருக்கும்போது எப்படியோ, அப்படியே லெவல் பண்ணிடும்மா" என்றார்.

அந்த எடையையும் கணக்கில் சேர்த்தேன். வலது ஸ்பிரிங்குகளுக்குத் தடித்த ரப்பர் வளையங்கள் வைத்தேன். கார் நேராக நின்றது.

அன்று ஓட்டிவிட்டு வந்த அப்பாவின் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு.

"முன்னெல்லாம் வளைவுல கதவுப் பக்கமா சாஞ்சிடுவா. இப்ப நேரா உக்காந்திருக்கா. பழைய புஷ்ஷு போட்ட சத்தத்துல அவ பேசறதே புரியாது. இப்ப தெளிவா கேக்குது."

"என்னப்பா பேசறா?"

"ஆத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் போலாம்ங்கறா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே.

மார்ச்சில் அம்மாவின் வருட நினைவுநாள். அம்மாவின் தங்கை வெர்னா சித்தி அரிசோனாவிலிருந்து வந்திருந்தாள். கல்லறையில் பூ வைத்துவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் காரைப் பார்த்ததும் சித்தி நின்றுவிட்டாள்.

"இந்தச் சனியனை இன்னும் விக்கலையா உங்கப்பன்?"

"அப்பா தினமும் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறார் சித்தி. அம்மாவோட சீட்டுல."

"எந்தச் சீட்டுல?"

வலப்பக்க முன்சீட்டைக் காட்டினேன்.

சித்தி என் கையைப் பிடித்தாள்.

"உங்கம்மா லோரெய்ன் அதுல உக்காரவே மாட்டாளேடி. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை ஏறினா. ஏறின வேகத்துல இறங்கிட்டா. ‘யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு வெர்னா'ன்னு எங்கிட்ட அழுதா. உங்கப்பன் சிரிச்சான். அன்னையிலேருந்து அவளுக்குப் பின்சீட்டுதான். சாகற வரைக்கும்."

எனக்கும் நினைவு வந்தது. சின்ன வயதில் பின்சீட்டில் அம்மா என் பக்கத்தில்தான் உட்காருவாள். எனக்குத் துணையாக என்று நினைத்திருந்தேன். ஒரு கையால் என்னைப் பிடித்திருப்பாள். மறு கை எட்டி, அப்பாவின் தோளில் இருக்கும். வீடு வந்து சேரும்வரை எடுக்கமாட்டாள்.

அப்படியென்றால் அம்மா வரவே இல்லை.

நான் அழுது சொன்னதையெல்லாம் வேறு யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் புதுச் சட்டை போட்டு, தலை சீவி வந்தார். வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

காரின் வலப்பக்கம் மெல்ல அமுங்கியது.

"ஜோலீன், நீயும் வாயேன். அம்மா உன்னையும் கூப்பிடறா."

பின்சீட்டில் ஏறினேன். கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.