நாலில் ஒருவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை கட்ட வராது. மகளைத் தூங்க வைக்க ஒரு கதை சொல்லச் சொன்னால்கூட, அவள் அம்மாவைக் கூப்பிட்டு விட்டுவிட்டு நழுவுகிற ஆள் நான். கீழே வரும் நேரங்கள் என் வேலைக் குறிப்பேட்டில் இருந்து எடுத்தவை. எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேய் என்றால் நடுராத்திரி என்பீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நான் ஒரு ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தைத் தொடும் வேலை இல்லை. கணினி, இணையதளம், போன் லைன் எல்லாம் என் தலையில். இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மேசை போன். எங்கள் வங்கி முன்பு பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். பழைய கட்டடம் அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இணையதளத்தை நடத்திய பழைய கணினி ஒரு வாரம் அங்கேயே ஓடியது; பிறகு அதை நானே மின் கம்பி, இணைப்புக் கம்பி எல்லாம் பிடுங்கிக் கொண்டுவந்தேன். அது என் மேசைக்கு அடியில் கிடந்தது. கால் வைத்துக்கொள்ள வசதி.

அன்று ஒரு சின்ன வேலைக்காக வந்திருந்தேன். மாடியில் நான் மட்டும். கீழே சோதனைக்கூடத்தில் லேப் அக்கா மட்டும்.

மணி 2:17. மேசை போன் அடித்தது.

"ரத்த வங்கிங்களா?" ஆண் குரல். மூச்சு வாங்கியது.

"ஆமாங்க."

"வெப்சைட்ல போட்டிருக்கிற எடத்துக்கு வந்துட்டேன். இங்க பூட்டியிருக்கு சார்."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... இரும்புக் கதவில் பூட்டு இடிக்கிற சத்தம்.

எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். சொன்னார். பழைய கட்டடம்.

"நாங்க அங்கிருந்து மாறி எட்டு மாசம் ஆச்சுங்க."

"இப்பவும் இதைத்தான் காட்டுது. பாத்துக்கிட்டேதான் பேசறேன்."

புது விலாசத்தைச் சொன்னேன். பாலத்தைத் தாண்டினால் பைக்கில் பத்து நிமிடம். என்ன குரூப் என்று கேட்டேன்.

"ஓ நெகட்டிவ். ரெண்டு யூனிட். என் வீட்டுக்காரிக்கு. பிரசவம்."

வைத்துவிட்டார்.

கீழே போய் லேப் அக்காவிடம் சொன்னேன். ஐம்பது வயதுக்காரர், எல்லோருக்கும் அக்கா. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். "சரியா ரெண்டுதான் தம்பி இருக்கு. வரட்டும், குடுத்துடலாம்" என்றார்.

2:26. மேலே வந்து கணினி முன் உட்கார்ந்தேன். இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் என்ன என்று உங்கள் போன் எங்கேயோ போய்க் கேட்கும். அந்த எண்தான் கதவு இலக்கம் மாதிரி. அதைச் சொல்கிற கணினிகளுக்கு நேம் சர்வர் என்று பெயர். எங்கள் தளத்துக்கு நாலு இருந்தன. நாலும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், நாலு பேர் தேடுகிற இடத்தில் ஒருவர் தப்பான கதவுக்குப் போய் நிற்பார்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலாவது, புது எண். இரண்டாவது, புது எண். மூன்றாவதும் அதேதான்.

நாலாவது, பழைய எண்.

பழைய எண்ணுக்கு உரிய கணினிதான் என் காலடியில் கிடக்கிறதே. அந்த எண்ணில் ஒன்றும் திறக்கக் கூடாது. சும்மா தட்டிப் பார்த்தேன். பக்கம் திறந்தது. பழைய நீல நிறப் பக்கம். பழைய விலாசம். அதன் கீழே 'இன்றைய இருப்பு' என்று ஒரு கட்டம். தேதியும் அன்றைய தேதிதான்.

ஓ நெகட்டிவ்: 2.

அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. 'இப்போது இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள்: 2.'

ஒன்று நான்.

காலை நகர்த்தினேன். பாதத்தில் சுட்டது. குனிந்து பழைய கணினியின் மேல் கை வைத்தேன். கம்பி எதுவும் இல்லை. ஆனால் ரொம்ப நேரம் ஓடிய கணினி எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சூடு.

பயந்தீர்களா என்று பலர் கேட்டார்கள். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் ஒன்று இருப்பதே தெரியாதே, அப்படித்தான் இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன். '2:33. பழைய கணினி சூடாக இருக்கிறது.' அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இடம் மாறியபோது எண்ணை மாற்றியது நான்தான். மூன்று சர்வரில் மாற்றிவிட்டு, நாலாவதும் தானாக மாறிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அது மாறவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலாவதைத் தூக்கிவிடும்படி, சர்வர்களை வாடகைக்கு விடும் கம்பெனிக்கு இரண்டு வரி எழுதினேன். எல்லாம் சரியாகப் போயிற்றா என்று மேனேஜர் கேட்டார். போயிற்று என்றேன்.

2:41. போன் அடித்தது.

"சார், வந்துட்டேன். பூட்டியிருக்கு." அதே குரல்.

"எங்க வந்தீங்க? இங்க கதவு தொறந்துதானே இருக்கு."

"நீங்க சொன்ன விலாசத்துக்குத்தான் போனேன். பாலம் ஏறினேன்... திரும்பி இங்கேயே வந்து நிக்கறேன்."

டக்... டக்... டக்... இப்போது சத்தம் பக்கத்தில் கேட்டது.

"நீங்க எந்த நம்பர்ல இருந்து..."

வைத்துவிட்டார்.

2:50. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். நாலாவது சர்வர் பழைய பதில் சொல்கிறது, சரி செய்யுங்கள் என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. 

"சார், உங்களுக்கு மூணுதான் இருக்கு."

"நாலாவது?"

"அது எட்டு மாசம் முன்னாடியே எடுத்தாச்சு. நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த மெஷினே இப்ப கிடையாது."

"இப்ப கேட்டேன். பதில் வருதே."

"வர வாய்ப்பில்ல சார்."

அவன் லைனில் இருக்கும்போதே கணினியில் நாலாவதை மறுபடி கேட்டேன். அரை நொடியில் பதில் வந்தது. பழைய எண்.

3:04. போன்.

இந்த முறை மூச்சு வாங்கவில்லை. மூச்சே கேட்கவில்லை.

"சார்... நேரம் ஆவுது."

"நீங்க அலைய வேண்டாம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நானே கொண்டுவந்து தரேன்."

"பாலத்துக்கு இந்தப் பக்கம், பிரசவ ஆஸ்பத்திரி. மூணாவது வார்டு. ஏழாம் நம்பர் படுக்கை."

எழுதிக்கொண்டேன். அப்போது அந்தப் பக்கம் ஒரு ஹாரன். லாரி ஹாரன், நீளமாக. பிரேக் கிறீச்சிட்டது. பிறகு... தகரம் நசுங்குகிற சத்தம்.

"ஐயோ, என்னாச்சுங்க?"



"ஒண்ணும் ஆவலை சார்," என்றது அதே குரல், கொஞ்சமும் மாறாமல். "ஏழாம் நம்பர். எழுதிட்டீங்கல்ல?"

3:10. லேப் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபாரம் இல்லாம எப்படித் தம்பி குடுக்கறது? என் வேலை போயிடும்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். மூணாவது வார்டு நர்ஸ்தான் பேசினார். ஏழாம் படுக்கை காலி. காலையிலிருந்தே காலி.

"யாரோ விளையாடறாங்க. நீ போய் வேலையப் பாரு" என்றார் அக்கா.

நான் போகவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

3:22. லேப் போன் அடித்தது. அதே நர்ஸ். ஒரு பெண்ணை இப்போதுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ரெண்டு யூனிட் உடனே வேண்டும். ஃபாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்கா மெல்லக் கேட்டார். "எந்தப் படுக்கை?"

பதிலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏழு" என்றார். 

"போன் பண்ணது யாரு தம்பி?"

"தெரியலக்கா."

3:31. ஐஸ் பெட்டியோடு கிளம்பினேன்.

3:36. பாலம். முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன். ஓரம் கட்டினேன். திரும்பிப் பார்த்தேன்.

பாலம் காலி.

3:40. பழைய கட்டடம்.

வாசலில் யாரும் இல்லை. காற்றும் இல்லை.

பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

டக்... டக்...

நிற்கவில்லை.

3:44. மூணாவது வார்டு. நர்ஸ் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். நான் நடையில் நின்றேன். கணவர் எங்கே என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மணிக்கு முன்னால் உள்ளே குழந்தை அழுதது. தாயும் பிழைத்துவிட்டாள் என்றார்கள்.

5:25. அலுவலகம் திரும்பினேன். நாலாவது சர்வரைக் கேட்டேன். பதில் இல்லை. பழைய எண்ணைத் தட்டினேன். பக்கம் இல்லை. காலடியில் இருந்த கணினி சில்லென்று இருந்தது. மேசை போனில் வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். அன்று மத்தியானம் ஒரு அழைப்பும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். என்னமோ மாதிரி இருக்கீங்களே என்றாள் மனைவி. வெயில் என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை 11:20. ஃபாரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. வாங்கிவர லேப் அக்கா என்னைத்தான் அனுப்பினார். ஏழாம் படுக்கையில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார், மடியில் குழந்தையோடு.

"ரத்தம் கொண்டாந்த தம்பி நீங்கதானா? நல்லா இருக்கணும்யா நீங்க."

 "குழந்தையோட அப்பாதான் போன் பண்ணாரு. படுக்கை நம்பர்கூட அவர்தான் சொன்னாரு" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அழவும் இல்லை. குழந்தையின் துணியை இழுத்து விட்டார்.

"அவன் போயி எட்டு மாசம் ஆச்சு தம்பி."

நான் அங்கிருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் குரலை ஏற்றாமல் சொன்னார்.

"எனக்கு வயித்துல ஆபரேஷன். ரத்தம் பத்தலன்னுட்டாங்க. வாங்கிட்டு வரேன்னு பைக்க எடுத்துட்டுப் போனான். நீங்க எடம் மாறின வாரமாமே, எங்களுக்குத் தெரியாது. போன எடம் பூட்டிக் கெடக்கு. அங்க நின்னுக்கிட்டே உங்க வங்கிக்குப் போன் போட்டிருக்கான். எடுத்த ஆளு, 'வெப்சைட்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு, நல்லாப் பாருங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாராம். பொண்டாட்டிகிட்டப் போன்ல சொல்லி அழுதிருக்கான். எத்தனை தடவை பாத்தாலும் இங்கதான் காட்டுதுன்னு. அப்புறம் யாரையோ விசாரிச்சு, புது எடத்துக்குப் பறந்து போயி... பாலத்துல லாரி. எனக்கு ரத்தம் யாரோ குடுத்தாங்க. நான் பொழைச்சுக்கிட்டேன்."

நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

இணையதளத்தைப் பற்றி வரும் அழைப்புகளை எங்கள் வங்கியில் ஒரே ஒரு மேசைக்குத்தான் திருப்பிவிடுவார்கள். இடம் மாறிய வாரத்தில் அப்படி நிறைய வந்தன. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். என் திரையில் சரியாகத்தான் தெரிந்தது. எத்தனை பேர், யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு குரல்கூட நினைவுக்கு வரவில்லை.

"அங்கதானே தம்பி வேலை பாக்கறீங்க?" என்றார் அந்த அம்மா. "அன்னைக்குப் போன எடுத்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

தலையாட்டினார். குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"பிடிங்க. நீங்க இல்லேன்னா இவ இல்ல."

வாங்கிக்கொண்டேன். கையில் கனமே தெரியவில்லை.