வளைவுக்கு வளைவு அம்மாவின் கை

அப்பாவுக்கு நேற்று ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இன்று பஸ்ஸில் கொல்லிமலைக்குத் திரும்பினோம். அப்பா காலை நீட்டிக்கொள்ள முன்சீட்டு கிடைத்தது.

கிளம்பும்போது நர்ஸ் சொல்லியிருந்தார்: "இருமினாலும் தும்மினாலும் அந்த எடத்தக் கையால அழுத்திப் பிடிச்சுக்கங்க. இல்லாட்டி ரத்தம் கசியும், வீங்கிக்கும்."

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு கூச்சம். இன்று உட்கார்ந்தார். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே உள்ளங்கையைத் தொடை இடுக்கில் போட்டிருந்த கட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

அப்பா நெளிந்தார். "கைய எடு புள்ள. நான் இருமவே இல்ல. சனம் பாக்குது."

"இருமறதவுட இந்த வளைவுலதானுங்க ஒடம்பு குலுங்குது. அந்த நர்சம்மா நம்ம மலை ஏறியிருக்க மாட்டாங்க. பாக்கறவங்க பாக்கட்டும்."

எல்லா வளைவுக்கும் அழுத்தினார். மலைமேல் சோளக்காடு ஸ்டாப் வந்தது. கட்டு நனையவில்லை, வீக்கமும் இல்லை.

"அம்மா, வளைவெல்லாம் முடிஞ்சுருச்சு" என்றேன்.

அம்மா கையை எடுக்கப் போனார்.

அப்பா லேசாக இருமினார்.

காலையிலிருந்து இல்லாத இருமல். வீடு வரைக்கும் நிற்கவில்லை. இதற்குக் கைமருந்து தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.