பெரியம்மா படுத்திருந்த சோளகக் காலம்

அந்தச் சோளகக் காலத்தை நினைத்தால் முதலில் யன்னல் சீலைதான் கண்ணில் நிற்கிறது. கடற்கரைப் பக்கமிருந்து சோளகக் காற்று வரும். சீலை ஊதிப் புடைக்கும். அறை முழுவதும் வெளிச்சம் அசையும். அந்த வெளிச்சத்துக்குள் பெரியம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். நித்திரையா விழிப்பா என்று தெரியாது. மத்தியானமும் பின்னேரமும் அந்த வீட்டில் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன.

அவர் என் அம்மாவின் தமக்கை. குருநகர்ச் சந்தையில் மீன் விற்றவர். அவர் கூவினால் செத்த மீனும் ஒருதரம் துள்ளும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கனடாவில் இருக்கும் மகள்தான், "சீனி வருத்தத்தோடை உந்த வெயிலுக்கை இருந்தது காணும், இனி ஆறியிருங்கோ அம்மா" என்று மறித்துவிட்டாள். பாசத்தில்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் தாய் காலை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் பிள்ளைக்கு மரியாதைக் குறைவு. பெரியம்மாவும் மீன் சுமந்த கடகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறியிருந்தார்.

பிறகு சீனி ஏறத் தொடங்கியது. கால் பெருவிரலில் வந்த கொப்புளம் புண்ணாகி, ஆறவேயில்லை. பக்கத்து வீட்டில் இருந்த நான்தான் கழுவிக் கட்டுவேன். சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், வீடு பொலிஸ் நிலையமாகிவிட்டது! மகள் வீடியோவில் வந்து விசாரணை நடத்துவாள். "அக்கா, அந்தச் சீனிப் போத்திலைக் காட்டுங்கோ. உதுக்குப் பின்னாலை என்ன, பனங்கட்டியோ?" நான் போனைத் தூக்கிக்கொண்டு குசினி முழுக்கத் திரிவேன். அடுத்த அறையில் பெரியம்மா மத்தியானச் சோற்றைத் தொடாமல் கிடப்பார். சாப்பிடாத மனிசியின் வீட்டில் இனிப்புத் தேடிய கூத்தை என்னவென்று சொல்ல!

ஒரு நாள் புண்ணைக் கழுவும்போது, "விரல் போகப்போகுது பெரியம்மா, குளிசையை ஒழுங்காய்ப் போடுங்கோ" என்றேன்.

"வெட்டினால் வெட்டட்டும் பிள்ளை. எனக்கு அது என்னத்துக்கு?"

அழுது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பழஞ்சீலையை எறியச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அடுத்த கிளினிக் நாளில் அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, நித்திரை வருதோ? ஏதும் செய்ய மனம் வருதோ?" என்றுதான் கேட்டார். பெரியம்மா, "விடியுதெண்டாலே வெறுப்பாய்க் கிடக்கு டொக்டர். குளிசையைக் கையிலை எடுப்பன், விழுங்க மனம் வராது" என்றார். இது மனச்சோர்வு, இதுவும் சீனியைப்போல ஒரு வருத்தந்தான், இதற்கும் மருந்து இருக்கிறது என்றார் டொக்டர். மனம் விழுந்து கிடந்தால் சீனியும் கட்டுக்குள் நிற்காது என்று எனக்கு விளக்கினார். பிறகு, "முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?" என்றார். பெரியம்மா மீன் விற்ற கதையைத் தொடங்க, குரல் மெல்ல மெல்ல உயர்ந்து, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "புண் ஆறட்டும். காலுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கதிரையிலை இருந்து விக்கலாம்" என்று டொக்டர் சிரித்தார்.

தாய் திரும்பவும் சந்தைக்குப் போகப்போகிறார் என்று கேட்டு மகள் போனில் அழுதாள். "ஊர் என்ன கதைக்கும் அம்மா?"

"ஊர் மீன் வாங்க வரும். வந்து கதைக்கட்டும்."

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. மருந்து பிடிக்க வாரக்கணக்கானது. சில நாட்களில் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். சீனியும் ஏறி இறங்கித்தான் வழிக்கு வந்தது. அந்த நாட்கள் எல்லாம் எனக்கு ஒரே நீண்ட பின்னேரமாகத்தான் நினைவிருக்கின்றன. காற்று, மருந்து வாசம், தூரத்தில் வள்ளங்களின் இயந்திரச் சத்தம்.

அப்படியொரு பொழுதில் நான் கண் சொக்கச் சொக்கக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் ஓர் அசைவு. பெரியம்மா எழும்பி உட்கார்ந்து, குனிந்து, தன் விரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதமாக அவர் அந்தப் புண்ணைப் பார்த்ததேயில்லை. என் கையில் படீரென்று ஒரு தட்டு விழுந்தது.

"உதென்னடி கட்டு, இளகிப்போய்க் கிடக்கு? வடிவாய்க் கட்டு. அது என்ரை கால்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டினேன்.