மாத்தே என்றார் சென்சேய்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் ஜப்பான் மொழி தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் நூறு, நூற்றைம்பது சொற்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரான காஜா பேராங் முழுக்க நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமல்ல. அந்தச் சொற்களில் ஒன்றுதான் என் மாமாவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தம்பியான மாமா அரசாங்க அரிசிக் கிடங்கில் வேலை பார்த்து எங்களைக் காப்பாற்றினார். அரசாங்க வேலையிலிருந்த வாலிபர்களையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதி, மாலையில் எங்கள் பள்ளி மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் எங்கள் பள்ளியின் ஜப்பானிய ஆசிரியர். அவரைச் சென்சேய் என்றுதான் அழைக்க வேண்டும். ஒல்லியான, மூக்குக் கண்ணாடி போட்ட, வயதான மனிதர். அவர் சிப்பாய் இல்லை. ஆனால் மைதானத்து ஓரத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் எப்போதும் நிற்பான்.

சென்சேயின் வித்தை விசித்திரமானது. அடிக்க வருகிறவனைத் தடுக்கமாட்டார். அவன் வந்த வேகத்தோடேயே சேர்ந்து இவரும் திரும்புவார், வந்தவன் மண்ணில் கிடப்பான். இதை ‘ஐகி’ என்பார். ஐகிடோ என்று உலகமே சொல்வதை நான் கேட்டது பல ஆண்டுகள் கழித்து. இந்த அசைவெல்லாம் வாளிலிருந்து வந்தவை, வெறுங்கையும் வாள்தான் என்பது அவர் கட்சி.

மாமா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் சிலம்பம் கற்றவர், வாயும் சற்று நீளம்.

“பாப்பா, அவர்கிட்ட கேளு. வாள ஏன் ரெண்டு கையாலயும் புடிக்கிறாரு? அப்ப கேடயத்த எதுல புடிப்பாரு, வாயிலயா?”

‘வாயிலயா’வை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தேன். கேடயத்துக்குச் சொல் தெரியாததால் ‘மூடி’ என்றேன். வாளுக்கு எதற்கு மூடி என்று சென்சேய் வெகுநேரம் யோசித்தார். பிறகு, வாளுக்குப் பின்னால் முழு உடம்பும் நிற்க வேண்டும், மூடி தேவையில்லை என்றார். ஒரு கை போனால் இன்னொரு கை வேலை செய்ய வேண்டாமா என்றார் மாமா. இப்படியே நாலைந்து மாலை போயிற்று. வாதம் அவர்களுடையது, வியர்வை என்னுடையது. கடைசியில், பேசியது போதும், நாளைக்கு உன் கம்பைக் கொண்டு வா என்று சென்சேய் சொல்லிவிட்டார்.

மறுநாள் அம்மாவும் வந்து கம்பிவேலி ஓரம் நின்றாள். மாமா கம்போடும் சென்சேய் மரவாளோடும் நின்றார்கள். நாலு வீச்சு நடந்ததும் இருவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது மாமாவின் கால் ஒரு பள்ளத்தில் இடறியது. சென்சேய் உடனே மரவாளைத் தாழ்த்தி, “மாத்தே!” என்று கத்தினார்.

ஜப்பான் மொழியில் அதற்கு ‘நிறுத்து’ என்று பொருள். மாமாவின் காதில் அது ‘மாத்து’ என்று விழுந்தது. அவருடைய சிலம்ப வாத்தியார் ‘மாத்து’ என்றால், கண் இமைப்பதற்குள் கம்பு கை மாறி அடி இறங்க வேண்டும். பத்து வருடப் பழக்கம், கேட்கவா வேண்டும்? கம்பு இடது கைக்குப் போயிற்று, போன வேகத்தில் சென்சேயின் மணிக்கட்டில் இறங்கிற்று. மரவாள் எகிறிப்போய் விழுந்தது.

சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். சென்சேய் அவனைப் பார்த்து மறுபடியும் “மாத்தே!” என்று கத்தினார்.

அம்மாவுக்கு ஜப்பான் மொழி தெரியாது, மலாய் தெரியும். மலாயில் மாத்தி என்றால் சாவு.

“ஐயோ, மாத்திங்கிறானே! என் தம்பியக் கொல்லச் சொல்றானே!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டாள்.

சென்சேய் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். நிறுத்தச் சொன்ன பிறகு உன் மாமா ஏன் அடித்தார் என்று கேட்டார்.

“அவர்தானே பாப்பா மாத்துன்னாரு!” என்றார் மாமா. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்குப் பயத்தில் நூற்றைம்பது சொல்லும் மறந்துபோயிற்று. மாமாவின் கம்பை வாங்கி வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, “மாத்து” என்றேன். அம்மாவைச் சுட்டிக்காட்டி, கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளி, “மாத்தி” என்றேன். பிறகு உள்ளங்கையை நீட்டி, “மாத்தே” என்றேன். சென்சேய் என்னையே பார்த்தார். மெல்ல அவர் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். சிப்பாயும் துப்பாக்கியை இறக்கினான். அதற்கப்புறம் எத்தனையோ பேர் சிரித்துக் கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பு மாதிரி எதுவும் என் வயிற்றில் பால் வார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் சென்சேய் எல்லோர் முன்னாலும் பட்டியலை எடுத்து மாமாவின் பெயரை அடித்தார். உத்தரவு புரியாத ஆள், எதற்கும் லாயக்கில்லை, இனி வர வேண்டாம் என்றார். அதை நானே மாமாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதாயிற்று. மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தோற்றுப்போன வயிற்றெரிச்சல் அந்தக் கிழவருக்கு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த மாதம், பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் லாரியில் ஏற்றித் தம்பின் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து முன்னமே அங்கே போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் குசுகுசுத்தது என் காதுக்கு எட்டவில்லை. மாமாவுக்கு இதுவும் கிடைக்காமல் போயிற்றே என்றுதான் எனக்கு ஆத்திரம். லாரியில் போனவர்களில் இருவர் மட்டும், சண்டை முடிந்த பிறகு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள்.

லாரி போன அன்று அம்மா மரவள்ளிக்கிழங்கைத் துருவி, ஒளித்து வைத்திருந்த தென்னஞ்சர்க்கரையைப் போட்டு அவித்து, வாழையிலையில் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

“சென்சேய்கிட்ட குடு. அம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லிக் கும்பிட்டுக் குடு.”

மாமாவை லாயக்கில்லை என்றவருக்கு இனிப்பு ஒரு கேடா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு துணுக்கு விடாமல் நானே தின்றேன்.

“என்ன சொன்னாரு?” என்று சாயங்காலம் அம்மா கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குன்னாரு.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கும் செய்து தருகிறேன், கொண்டுபோய்க் கொடு என்றாள். ஒரு கிழங்கு உருண்டைக்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டே, நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.